ஓபியாய்டு போதைக்குப் புது மருந்துகள்: எது கைக்கு வந்தது, எது இன்னும் எலிக்கூண்டில் இருக்கிறது

கேள்வி இதுதான். ஹெராயினை விட்டு ஓராண்டாக புப்ரெனார்ஃபின் மாத்திரையில் இருக்கும் தம்பிக்காக அக்கா ஒருவர் கேட்கிறார்: "ஐபோகெய்ன் என்று ஒரு வேர் மருந்து ஒரே இரவில் போதையை அறுத்துவிடுமாம். தடுப்பூசி வரப்போகிறதாம். உடல் எடை குறைக்கிற ஊசிகூட வேலை செய்கிறதாம். தினமும் நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும் ஒரு அடிமைத்தனம்தானே? புதிதாக ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிடலாமா?"

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டாகத் தாங்கிப் பிடித்திருக்கும் மருந்தை நிறுத்திவிட்டு இவற்றில் எதற்கும் இப்போது மாற வேண்டாம். அதற்காக இவையெல்லாம் வெறும் புரளி என்றும் நினைக்க வேண்டாம். சிலவற்றின் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் போதையின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், செய்தித் தலைப்புகள் எல்லாமே அதிசய மருந்துகளாகத்தான் தெரியும்.

மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில் எல்லாம் ஓபியாய்டுகள், அதாவது அபினியைப் போல வேலை செய்யும் பொருள்கள். இவை மூளையில் ஒரே இடத்தில்தான் போய் உட்காருகின்றன. மியூ ஏற்பி என்று பெயர். வலி குறைவது, சுகம் வருவது, மூச்சு மெதுவாவது மூன்றும் அதன் வழியாகத்தான். தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நிறுத்தியதும் அந்த மாற்றம் மட்டும் தனியாக மிஞ்சி நிற்கும். வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல், தூக்கமே இல்லாத இரவுகள் எல்லாம் அதிலிருந்து வருபவை. இது தவிப்பு. ஹெராயினில் ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று ஏக்கம். பழைய தெருமுனை, பழைய நண்பனின் குரல், கையில் கொஞ்சம் பணம், ஒரு சண்டை. இவற்றில் ஏதாவது ஒன்று போதும், மாதக்கணக்கில் சும்மா இருந்த மூளை சட்டென்று விழித்துக்கொள்ளும். இது வாரக்கணக்கில் தீராது, வருடக்கணக்கில்கூட இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதைத்தான் குடும்பங்கள் கவனிப்பதில்லை. நிறுத்திய சில வாரங்களிலேயே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். முன்பு எடுத்த அதே அளவை அப்போது எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வந்தவர்களும், 'சுத்தம் செய்து' வெளியே அனுப்பப்பட்டவர்களும் முதல் சில வாரங்களில் அதிகம் இறப்பது இதனால்தான். அதனால் ஒரு மருந்து தவிப்பை எவ்வளவு வேகமாகத் தீர்க்கிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

புது மருந்து என்றதும் கொஞ்சம் பயமும் வருவதற்குக் காரணம் உண்டு. 1884இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் கோகெய்னைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்ஃபின் பழக்கத்துக்கு அது மருந்தாகும் என்று நம்பி, எர்ன்ஸ்ட் ஃபான் ஃப்ளைஷ்ல் மார்க்ஸோ என்ற தன் நண்பருக்கும் பரிந்துரைத்தார். நண்பருக்கு மார்ஃபின் பழக்கமும் போகவில்லை, கோகெய்ன் பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1891இல் இறந்துபோனார். பிறகு 1898இல் பாயர் நிறுவனம் ஓர் இருமல் மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபினைப் போலப் பழக்கமாகாது என்று நம்பப்பட்ட அந்த மருந்தின் வணிகப் பெயர் ஹெராயின்.

இனி இப்போது கையில் இருப்பவை. மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் மூன்றும்தான். மெத்தடோன் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வலி மருந்தாகப் பிறந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் அதை ஹெராயின் பழக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்து, 22 பேரின் அனுபவத்தை 1965இல் வெளியிட்டார்கள். அன்றைக்கு அதுவும் ஒரு பரிசோதனை மருந்துதான், 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா' என்ற கேள்வி அப்போதே கிளம்பிவிட்டது. புப்ரெனார்ஃபின் வேறு மாதிரி. அது மியூ ஏற்பியை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதி வேகத்தில்தான் இயக்கும். அதனால் தவிப்பு அடங்கும், மூச்சை மந்தப்படுத்துவது ஒரு அளவுக்கு மேல் அதிகரிக்காது. மேலே ஹெராயின் போட்டாலும் உட்கார இடம் இருக்காது. நால்ட்ரெக்ஸோன் பூட்டு மாதிரி, ஏற்பியை அடைத்துக்கொண்டு எதையும் இயங்கவிடாது.

முதல் இரண்டும் உயிரைக் காக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கணக்கின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு வெளியே இருக்கும் காலத்தில் அதுவே 36. புப்ரெனார்ஃபினில் 4 பேர், வெளியே 9 பேருக்கு மேல். புதிதாக வரும் எந்த மருந்தையும் இந்த எண்களின் பக்கத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் புதிது எதற்கு? இருப்பதில் ஓட்டைகள் இருப்பதால்தான். சிகிச்சையைத் தொடங்குபவர்களில் பெரும்பகுதியினர் சில மாதங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். நால்ட்ரெக்ஸோன் தொடங்க வேண்டுமென்றால் ஒரு வாரம், பத்து நாள் முழுக்க ஓபியாய்டு இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தாண்டுவதே பலருக்கு முடியாது. அமெரிக்காவில் 570 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஒப்பீட்டில் நால்ட்ரெக்ஸோன் ஊசியைத் தொடங்க முடிந்தவர்கள் 72 சதவீதம், புப்ரெனார்ஃபினைத் தொடங்க முடிந்தவர்கள் 94 சதவீதம். இப்போது ஃபென்டனில் வேறு வந்து குழப்பிவிட்டது. அது கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது உடம்பில் இருக்கும்போது புப்ரெனார்ஃபினைக் கொடுத்தால் சிலருக்குத் தவிப்பு திடீரென்று பாய்ந்து வரும். 2016இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர்கள் எழுதிய முறை இதற்கு ஒரு வழி காட்டியது. மிகச் சிறிய அளவில் தொடங்கி, பழைய ஓபியாய்டை நிறுத்தாமலே, சில நாட்களில் புப்ரெனார்ஃபினை ஏற்றிக்கொண்டு போவது. புது மருந்து எதுவும் இல்லை, இருக்கிற மருந்தைப் புத்தியோடு கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றங்களில் ஒன்று.

சரி, ஐபோகெய்னுக்கு வருவோம். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

மத்திய ஆப்பிரிக்காவில், குறிப்பாக காபோன் நாட்டில், ப்விட்டி வழிபாட்டுச் சடங்குகளில் இபோகா என்ற செடியின் வேர்ப்பட்டையை உண்பார்கள். அதிலிருக்கும் பொருள்தான் ஐபோகெய்ன். 1962இல் நியூயார்க்கில் ஹோவர்ட் லாட்சாஃப் என்ற இளைஞர், ஹெராயின் பழக்கம் உள்ளவர், புது அனுபவம் கிடைக்குமா என்று இதை எடுத்துப் பார்த்தார். நீண்ட மயக்கக் கனவுக்குப் பிறகு எழுந்தபோது தவிப்பு வரவில்லை, ஹெராயின் வேண்டும் என்றும் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் இதற்காகவே அலைந்தார், 1985இல் காப்புரிமையும் வாங்கினார். அமெரிக்க தேசிய போதை ஆய்வு நிறுவனம் கொஞ்ச காலம் ஆர்வம் காட்டிவிட்டு 1995இல் கையை விரித்துவிட்டது. அமெரிக்காவில் அது தடைப் பட்டியலில் இருப்பதால் ஆட்கள் மெக்சிகோவில் உள்ள விடுதிகளுக்குப் போகிறார்கள். நியூசிலாந்தில் மருத்துவர் சீட்டோடு கொடுக்க அனுமதி உண்டு.

வேலை செய்கிறதா? தவிப்பை வெகுவாகக் குறைக்கிறது என்பதை நம்பலாம், பல இடங்களில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் சிக்கல். மெக்சிகோவில் சிகிச்சை பெற்ற 30 பேரைத் தொடர்ந்து பார்த்த 2018 ஆய்வில், ஒரு மாதம் கழித்து 15 பேர் ஓபியாய்டு எடுக்கவில்லை என்றார்கள். பாதிப் பேர் என்பது நல்ல எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத ஒரு குழு அதில் இல்லை. பணம் செலவழித்து, நாடு தாண்டிப் போய், 'இதுதான் கடைசி' என்ற முடிவோடு வந்தவர்கள் அவர்கள். அந்த முடிவுக்கே ஒரு பலம் உண்டு. வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாமே என்றால், ஒரு நாள் முழுக்கக் கனவு காண வைக்கும் மருந்தையும் வெற்று மாத்திரையையும் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியாது?

ஆபத்து இதயத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு பொட்டாசியக் கதவு உதவுகிறது. ஐபோகெய்ன் அதை அடைக்கிறது. இ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி, அதாவது ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மறுபடி தயாராக எடுக்கும் நேரம், நீளும், மிஞ்சினால் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். கல்லீரல் இதை நோரிபோகெய்ன் என்று மாற்றுகிறது, அதுவும் நீண்ட நேரம் உடம்பில் தங்கும். அதனால் ஆபத்து அன்று இரவோடு முடிவதில்லை. 1990 முதல் 2008 வரை மேற்கு மத்திய ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஐபோகெய்ன் எடுத்ததை ஒட்டி இறந்த 19 பேரின் விவரங்களை ஒரு தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. சிலர் இரண்டு மணி நேரத்துக்குள், சிலர் மூன்று நாள் கழித்து. பலருக்கு ஏற்கனவே இதய நோயோ, கூடவே வேறு போதைப்பொருளோ இருந்தது. மெத்தடோனும் க்யூ-டி இடைவெளியை நீட்டும் மருந்துதான் என்பதால் இரண்டும் உடம்பில் ஒன்றாக இருப்பது இன்னும் மோசம். இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி இல்லாத அறையில் ஒருவர் இதைக் கொடுக்கிறார் என்றால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அரசாங்கங்கள் மறுபடி ஆர்வம் காட்டுகின்றன. 2025 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலம் ஐபோகெய்ன் பரிசோதனைகளுக்காக 5 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டது. வேதியியலாளர்கள் வேறு வழியில் போகிறார்கள், நஞ்சை நீக்கி நல்லதை வைத்துக்கொள்ள முடியுமா என்று. 18-எம்.சி. என்ற பொருள் அப்படி வந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓல்சன் குழு உருவாக்கிய டேபர்நாந்தலாக் இன்னொன்று. 2020 இறுதியில் நேச்சர் இதழில் வந்தது. மயக்கக் காட்சிகள் தூண்டாது, இதயத்துக்கும் பாதுகாப்பு கூடுதல் என்கிறார்கள், ஹெராயின் பழகிய எலிகள் அதைத் தேடுவதும் குறைந்தது. எலிகள்தான். அந்தச் சொல்லை மறக்காமல் படியுங்கள்.

அடுத்தது தடுப்பூசி. யோசனை எளிமையானது. மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை மிகச் சிறிய மூலக்கூறுகள், நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அவற்றை ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டி ஊசி போட்டால் உடம்பு எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும். பிறகு ஒருவர் ஃபென்டனில் எடுத்தால், அந்த எதிர்ப்பொருள்கள் இரத்தத்திலேயே அதைக் கவ்விக்கொள்ளும், மூளைக்குள் விடாது. சுகமும் வராது, மூச்சும் நிற்காது. இது நேற்றைய யோசனை இல்லை. 1974இலேயே மார்ஃபினுக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட ஒரு குரங்கு ஹெராயின் எடுப்பதைக் குறைத்துக்கொண்டதை நேச்சர் இதழ் வெளியிட்டது. அதே குரங்கு கோகெய்னை மட்டும் விடவில்லை!

தடுப்பூசியின் பலமும் பலவீனமும் அந்தக் குரங்கிலேயே இருக்கிறது. 2022இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகக் குழு எலிகளில் வெற்றி கண்ட ஃபென்டனில் தடுப்பூசி மார்ஃபினைத் தொடாது. அது ஒரு வகையில் நல்லது, விபத்தில் அடிபட்டால் வலி மருந்து வேலை செய்யும், புப்ரெனார்ஃபினும் தடைபடாது. ஆனால் ஏக்கம் அப்படியே இருக்கும். ஃபென்டனில் வேலை செய்யாவிட்டால் வேறொன்றைத் தேடுவதை எந்த எதிர்ப்பொருளும் தடுக்காது. ஆளுக்கு ஆள் எதிர்ப்பொருள் சுரக்கும் அளவு மாறுவது இன்னொரு தலைவலி. கோகெய்ன் தடுப்பூசி ஒன்றில் 38 சதவீதம் பேருக்குத்தான் போதுமான அளவு வந்தது. நிகோடின் தடுப்பூசி 2011இல் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் தோற்றது. ஆக்ஸிகோடோனுக்கு எதிரான ஊசி ஒன்று மனிதர்களிடம் முதல் கட்டப் பரிசோதனைக்கு வந்திருக்கிறது. என் கணிப்பில் தடுப்பூசி வந்தாலும் அது போதையைத் தீர்க்கும் மருந்தாக இருக்காது. சறுக்கி விழும் ஒரு நாளில் உயிரைக் காக்கும் வலையாக இருக்கலாம். அதுவே பெரிய காரியம்.

எடை குறைப்பு ஊசிகள், அதாவது ஜி.எல்.பி-1 வகை மருந்துகள், எதிர்பாராத வரவு. சாப்பாட்டு ஆசையைக் குறைக்கும் சமிக்ஞை மூளையின் வெகுமதிப் பாதையையும் தொடுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு சிகிச்சை இல்லத்தில் இருந்த 20 பேரிடம் இவ்வகை மருந்தான லிராகுளுடைடைச் சோதித்து, ஏக்கம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பெரிய மருத்துவப் பதிவு ஆய்வொன்றில், ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்களில் இவ்வகை மருந்து எடுத்தவர்களுக்கு ஓபியாய்டை அளவு மீறி எடுத்து ஆபத்துக்குள்ளாவது 40 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டிலும் 40 என்று வருவது தற்செயல், ஒன்றை இன்னொன்று உறுதிப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாவது மிகச் சிறியது. இரண்டாவதில் இந்த ஊசி கிடைத்தவர்கள் அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவர்களாக, வசதி உள்ளவர்களாக இருந்திருக்கலாம். இருந்தாலும் இந்தப் பட்டியலில் நான் ஆவலோடு காத்திருப்பது இதற்குத்தான். கோடிக்கணக்கானவர்கள் ஏற்கனவே எடுக்கும் மருந்து, அதன் பக்கவிளைவுகள் தெரிந்தவை, புப்ரெனார்ஃபினோடு சேர்த்தே சோதிக்கலாம்.

தூக்க மருந்து ஒன்றும் இருக்கிறது, சுவோரெக்ஸன்ட். விழிப்பைத் தூண்டும் ஒரெக்ஸின் என்ற சமிக்ஞையை அது தடுக்கும். ஹெராயின் பழக்கத்தோடு இறந்தவர்களின் மூளையில் ஒரெக்ஸின் சுரக்கும் செல்கள் சராசரியாக 54 சதவீதம் அதிகம் இருந்ததை 2018இல் கண்டுபிடித்தார்கள். 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 38 பேருக்குக் கொடுத்தபோது தூக்கமும் கூடியது, தவிப்பும் குறைந்தது. தூக்கம் சின்ன விஷயம் இல்லை. இரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவர்தான் நாலு மணிக்குப் பழைய எண்ணைத் தேடுவார்.

கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத கன்னாபிடையாலை நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் யாஸ்மின் ஹர்ட் என்ற ஆய்வாளர் 42 பேரிடம் சோதித்தார், 2019இல் வெளியானது. ஹெராயின் தொடர்பான காட்சிகளைக் காட்டியபோது எழும் ஏக்கமும் பதற்றமும் குறைந்தன, கடைசி வேளை மருந்துக்கு ஒரு வாரம் கழித்தும் அந்த விளைவு இருந்தது. கடையில் விற்கும் எண்ணெய்ச் சொட்டுகளை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள், அங்கே கொடுத்தது 400, 800 மில்லிகிராம். கெட்டமின் என்ற மயக்க மருந்தோடு உளவியல் சிகிச்சை சேர்த்து 70 ஹெராயின் நோயாளிகளிடம் ரஷ்யாவில் நடந்த ஆய்வு 2002இல் நல்ல பலன் காட்டியது. ஆனால் அதைப் பெரிய அளவில் யாரும் திரும்பச் செய்து நிரூபிக்கவில்லை. மெத்தோசின்னமாக்ஸ் என்று ஒன்று, மியூ ஏற்பியை ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. ஒரே ஊசியில் குரங்குகள் பல நாள் ஹெராயின் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. நீண்ட நாள் பூட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். மற்ற எதற்கும் அசையாதவர்களுக்குச் சுவிட்சர்லாந்து 1994 முதல் மருத்துவரின் கண்முன்னே ஹெராயினையே கொடுத்துவருகிறது. பலர் அதனாலேயே தெருவையும் குற்றத்தையும் விட்டார்கள். கனடாவின் வான்கூவரில் ஹைட்ரோமார்ஃபோன் என்ற ஓபியாய்டு வலி மருந்தை வைத்து அதே போலச் செய்து, ஹெராயினுக்கு அது சளைத்ததில்லை என்று 2016இல் காட்டினார்கள். கேட்க ஒவ்வாததுதான், ஆனால் இதற்கு இருக்கும் சான்று ஐபோகெய்னுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு உறுதியானது.

'மாத்திரையும் அடிமைத்தனம்தானே' என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருப்பது வேறு, வாழ்க்கையே ஒரு பொருளைச் சுற்றி ஓடுவது வேறு. தம்பியின் ஒரு நாளைப் பாருங்கள். விடிந்ததும் அவர் முதலில் நினைப்பது எதை? போன வருடம் என்ன நினைத்தார்? பணம் எங்கே போகிறது, பொய் சொல்கிறாரா, தூங்குகிறாரா? இவற்றுக்கான பதில் மாறியிருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எப்போது குறைக்கலாம் என்பதை அவரும் மருத்துவரும் பேசி, அவசரமில்லாமல் முடிவு செய்யட்டும்.

முறையான பரிசோதனை ஒன்றில் சேர அழைப்பு வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம். யாராவது சேர்ந்ததால்தான் மெத்தடோனும் வந்தது. புப்ரெனார்ஃபினோடு கூடுதலாகக் கொடுக்கிறார்களா, அதை நிறுத்திவிட்டுக் கொடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், சறுக்கினால் அன்றே திரும்ப ஆரம்பித்துத் தருவீர்களா, பரிசோதனை முடிந்த மறுநாள் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். உயிர் காக்க, ஓபியாய்டின் விளைவை முறித்து மூச்சைத் திருப்பும் நலாக்ஸோன் ஸ்ப்ரே வீட்டில் இருக்கட்டும், தம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

உண்மையில் அவரை அலுக்க வைப்பது தினமும் மாத்திரை வைக்கும் வேலைதான் என்றால் அதற்குப் பரிசோதனை மருந்து தேவையே இல்லை. தோலுக்கு அடியில் போடும் மாத ஊசியாக அதே புப்ரெனார்ஃபின் அமெரிக்காவில் 2017இலேயே அனுமதி பெற்றுவிட்டது, வார ஊசியும் 2023இல் வந்தது. உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேளுங்கள். மாத்திரையில் நிலையாக இருப்பவர் ஊசிக்கு நேரடியாகவே மாறலாம், நடுவில் ஒரு நாள்கூட மருந்தில்லாமல் இருக்க வேண்டியதில்லை.